வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு: வீட்டில் பார்ப்பதிலிருந்து பயாப்ஸி முடிவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கமிருந்து விடியற்காலை ஜீப் ஏறி எல்லை தாண்டி, கேரளத்தின் வண்டன்மேடு, நெடுங்கண்டம் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் பலருடைய மடியில் ஒரு சுருக்குப் பை இருக்கும். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, ஒரு துண்டு புகையிலை. மலைக் குளிருக்கும் இடைவேளைப் பசிக்கும் அதுதான் துணை. அட்டை கடித்தால் மருந்தும் அதே புகையிலைதான்.

இந்த மக்களுக்குப் பல வருடங்களாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். வாய்ப்புற்றுநோயோடு வருகிறவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்கள் புண்ணைக் கவனிக்காமல் விட்டவர்கள் இல்லை. பார்த்திருக்கிறார்கள். மெடிக்கலில் பி-காம்ப்ளக்ஸ் வாங்கியிருக்கிறார்கள், மணத்தக்காளிக் கீரை சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள், களிம்பு தடவியிருக்கிறார்கள். ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதிப்பது, அதாவது பயாப்ஸி, மட்டும்தான் நடந்திருக்காது. அதற்குள் மூன்று மாதமோ ஆறு மாதமோ ஓடிப்போயிருக்கும். அந்தக் காலத்தைச் சுருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

வாயைக் கண்ணால் பார்ப்பதே உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று நம் எல்லைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 13 பஞ்சாயத்துகள், 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏறக்குறைய 1,90,000 பேர். ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய், மூன்று வருடத்துக்கு ஒருமுறை, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் இல்லை, பட்டப்படிப்பு முடித்த சாதாரண ஆட்கள். மற்ற ஆறு பஞ்சாயத்துகளில் வழக்கம்போல விட்டார்கள். 2005-ல் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, பார்க்கப்பட்ட பஞ்சாயத்துகளில் வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைவு.

யார் கட்டாயம் பார்க்க வேண்டும்

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், பீடி சிகரெட் பிடிக்கிறவர்கள், குடிக்கிறவர்கள். புகையும் குடியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. உதட்டுக்குள் ஹான்ஸ், கூல் லிப் போன்ற பொட்டலப் புகையிலை வைக்கிற இளவட்டங்களும் இதில் சேர்த்திதான். கேரளா 2012-லும் தமிழ்நாடு 2013-லும் குட்காவைத் தடை செய்தும், பொட்டலம் கிடைக்கத்தான் செய்கிறது.

"நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல், பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று தெளிவாக வகைப்படுத்திவிட்டது. புகையிலை இல்லை என்பதால் தப்பித்துக்கொள்ள முடியாது.

எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும் நாக்கு ஓரத்தில் புற்றுநோய் வருவது உண்டு. அதனால் 30 வயது தாண்டிய எல்லோரும் பார்ப்பது நல்லது. அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய்ப் பரிசோதனையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பார்க்கிற அன்றே "வாயையும் பாருங்க சிஸ்டர்" என்று கேளுங்கள்.

படி 1: வீட்டில் வாயைப் பார்ப்பது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டு நன்றாகக் கொப்பளியுங்கள். பாக்குச் சாயம் இருந்தால் ஒன்றும் தெரியாது. பல் செட் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள், செட்டுக்கு அடியில்தான் சில சமயம் புண் இருக்கும். கண்ணாடி முன்னால் நின்று போன் டார்ச்சை அடியுங்கள். இன்னொருவர் டார்ச் பிடித்தால் இன்னும் சுலபம்.

கீழுதட்டைக் கீழே மடக்கி உட்புறம் பாருங்கள், பிறகு மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். அடுத்தது கன்னம். ஒரு விரலால் கன்னத்தை வெளியே இழுத்து உட்பக்கம் முழுவதும் பாருங்கள். இதில் அவசரம் வேண்டாம். கன்னமும் கீழ் ஈறும் சேருகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதே, நாம் வெற்றிலையை அடக்கி வைக்கிற இடம், நம் நாட்டில் வாய்ப்புற்றுநோய் மிக அதிகமாக வருவது அங்கேதான். ஸ்பூன் காம்பால் கன்னத்தை ஒதுக்கினால் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் மூலை வரை தெரியும். இரண்டு பக்கமும் பாருங்கள்.

அப்புறம் நாக்கு. நேராக நீட்டுங்கள்; ஒரு பக்கம் கோணுகிறதா என்று பாருங்கள். நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து வலமும் இடமும் இழுத்தால் ஓரங்கள் பின்பகுதி வரை தெரியும். நாக்கின் மேல்பரப்பைவிட ஓரமும் அடிப்பக்கமும்தான் முக்கியம். நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வாயின் தரையைப் பாருங்கள். தலையைப் பின்னால் சாய்த்து அண்ணத்தைப் பாருங்கள், 'ஆ' சொல்லி உள்நாக்குப் பகுதியையும் பாருங்கள்.

பார்த்ததோடு விடாமல் தொட்டும் பாருங்கள். சந்தேகமான இடத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். நல்ல சதை மெத்தென்று இருக்கும். புற்றுநோய்ப் புண்ணின் அடியில், காது மடலைப் பிடித்தால் தெரிகிற விறைப்பு இருக்கும். கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிற புண்ணின் உண்மையான அளவு பல சமயம் விரலுக்குத்தான் தெரியும்.

தாடைக்கு அடியிலும் கழுத்தின் இரு பக்கமும் விரல் நுனியால் தடவி, நெறி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக வாயை முழுதாகத் திறந்து உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவில் நுழையுங்கள். மூன்றும் நுழையவில்லை என்றால் அதுவே ஒரு செய்தி. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

படி 2: பயப்பட வேண்டாதவை

முதல் தடவை பார்க்கிறவர்கள் சில இயல்பான விஷயங்களைக் கண்டு பதறுவார்கள். நாக்கின் கடைசியில் வரிசையாக இருக்கும் பெரிய முடிச்சுகள், கன்னத்துக்குள் பல் கடிக்கிற மட்டத்தில் ஓடும் வெள்ளைக் கோடு, உதட்டுக்குள் சின்ன மஞ்சள் புள்ளிகள், நாக்குக்கு அடியில் நீல நரம்பு, அண்ணத்தின் நடுவில் எலும்பு மேடு, ஈறில் கருமை எல்லாம் பலருக்கும் இருப்பவை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்து, வலியோ மாற்றமோ இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் இருப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

படி 3: கண்ணில் பட்டது என்ன?

நாம் 'சூட்டுப் புண்' என்று சொல்வது வட்டமாக, நடுவில் மஞ்சள் வெண்மையும் சுற்றிச் சிவப்புமாக இருக்கும். சாப்பிட முடியாதபடி வலிக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். உடைந்த பல்லோ செட்டின் முனையோ உரசி வரும் புண்ணும் உண்டு. முனையைத் தேய்த்துவிட்டு இரண்டு வாரம் பார்த்தால் ஆற வேண்டும். ஆறவில்லை என்றால் பல் மேல் பழி போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

வெள்ளையாகத் தெரிவதில் முதல் கேள்வி, துடைத்தால் வருகிறதா என்பதுதான். துணியால் துடைத்து வந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை. சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள், செட்டைக் கழற்றாமல் தூங்குபவர்கள் ஆகியோருக்கு வரும், மருந்தில் போய்விடும். துடைத்தும் வராத வெள்ளைத் திட்டு, லூகோபிளேக்கியா என்பது, வேறு விஷயம். எல்லாம் புற்றுநோயாக மாறாது, ஆனால் எது மாறும் என்று கண்ணால் சொல்ல முடியாது. சொரசொரப்பாக, நடுவில் சிவப்புப் புள்ளிகளோடு இருந்தால் ஆபத்து கூடுதல். வெள்ளையே இல்லாமல் பளபளவென்று சிவந்த திட்டுதான் எனக்கு இன்னும் பயம் தருவது. எரித்ரோபிளேக்கியா என்பார்கள். வலிக்காது, சின்னதாக இருக்கும், சதை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே மாற்றம் தொடங்கியிருக்கும்.

இரண்டு கன்னத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் அது லைக்கன் பிளேனஸ் ஆக இருக்கலாம். மாறும் வாய்ப்பு குறைவு. வருடா வருடம் காட்டினால் போதும்.

இனி அந்த மூன்று விரல் விஷயம். பாக்கு போடுகிறவர்களுக்கு வாயின் உட்சதை இறுகி, வெளிறி, நார் ஓடிப்போகும். முதலில் காரம் தாங்காது. "முன்ன மாதிரி குழம்பு சாப்பிட முடியல" என்பார்கள். அப்புறம் வாய் திறப்பது குறையும். சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். எறணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயாளிகளை 17 வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. இறுகிய சதை பழையபடி திரும்புவது கடினம், ஆனால் பாக்கை நிறுத்தி, வாய் திறக்கும் பயிற்சி செய்தால் மேலும் மோசமாகாமல் வைத்துக்கொள்ளலாம். இருபது வயதுப் பையன்களுக்கே இதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

புற்றுநோயைக் காட்டும் அறிகுறிகள் இவை: விளிம்பு தடித்து உயர்ந்த புண், தொட்டால் ரத்தம் கசிவது, பூத்துக் கிளம்பிய சதை வளர்ச்சி, காரணமில்லாமல் ஆடும் ஒற்றைப் பல், பல் பிடுங்கிய குழி ஆறாமல் இருப்பது, கீழுதடு மரத்துப்போவது, புண் இருக்கும் பக்கமே காது வலிப்பது, விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி.

ஏலத்தோட்டத்து அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். "பல்லு ஆடுது டாக்டரம்மா, புடுங்கி விட்ருங்க. நாளைக்கு வேலைக்குப் போகணும்." இடது கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தால், கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வெளியே அந்தப் பள்ளத்தில் தடித்த வெள்ளைத் திட்டு, நடுநடுவே சிவப்பு, ஓர் ஓரத்தில் புண். விரல் வைத்தேன், அடியில் கெட்டி. "வெத்தல எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்று கேட்டேன். "இந்தப் பக்கந்தான். அந்தப் பக்கம் மெல்லப் பல்லு ஏது?" வலி இல்லையா என்றதற்கு, "வலிச்சிருந்தா அப்பவே வந்திருப்பேனே" என்றார். பல்லைப் பிடுங்கவில்லை. கட்டி இருக்கும் இடத்தில் பல்லைப் பிடுங்கினால் நோய் எலும்புக் குழிக்குள் இறங்க வழியாகிவிடும். பயாப்ஸிக்கு அனுப்பினேன். புற்றுநோய்தான், ஆனால் எலும்பைத் தொடவில்லை.

வலிக்காத புண்ணை மக்கள் நல்ல புண் என்று நினைக்கிறார்கள். வாயைப் பொறுத்தவரை, வலியில்லாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் புண்தான் மோசமானது.

படி 4: இரண்டு வாரக் கணக்கு

எந்தப் புண்ணும் திட்டும் கண்ணில் பட்ட அன்றே காலண்டரில் குறியுங்கள். போனில் ஒரு போட்டோ எடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொன்று, இரண்டாம் வாரம் இன்னொன்று. இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், மிஞ்சிப்போனால் மூன்று வாரம், டாக்டரிடம் போயாக வேண்டும். கெட்டியாக இருந்தாலோ கழுத்தில் கட்டி இருந்தாலோ இந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

இந்த நாட்களில் வெற்றிலை, பாக்கு, புகை, குடி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில வெள்ளைத் திட்டுகள் தாமே மறையும். மணத்தக்காளிக் கீரை சாப்பிடுவதில் தவறில்லை, சாப்பிட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் தவறு. புண்ணில் சுண்ணாம்பு, படிகாரம், கிராம்பு எண்ணெய் வைத்துப் பொசுக்காதீர்கள். புண்ணின் உருவம் மாறிப்போய் டாக்டருக்கும் குழப்பம் வரும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம், எரிச்சலைக் குறைத்து நோயை மறைத்துவிடும்.

படி 5: எங்கே போவது, என்ன சொல்வது

பல் டாக்டர் அல்லது காது மூக்கு தொண்டை டாக்டர். தேனிப் பக்கத்துக்கு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி, அடுத்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. குமுளிக்கு மேலே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், இருப்பவர்களுக்குக் கோட்டயம் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1981-லிருந்து இயங்கும் மண்டலப் புற்றுநோய் மையமும் எட்டும் தூரம்தான்.

போனதும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எத்தனை நாளாக இருக்கிறது, என்ன போடுகிறீர்கள், எந்தப் பக்கம் அடக்குகிறீர்கள். பழக்கத்தை மறைக்காதீர்கள். பெண்கள் குடும்பத்தார் முன்னால் சொல்லக் கூச்சப்படுவார்கள், தனியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மருந்து ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள். "இன்னும் பத்து நாள் மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்று ஏற்கெனவே மூன்று வாரமான புண்ணுக்குச் சொன்னால், மரியாதையாகவே கேளுங்கள்: "பயாப்ஸி எடுத்துறலாமா டாக்டர்?" இந்த ஒரு கேள்வி போதும்.

படி 6: பயாப்ஸி

இந்த இடத்தில்தான் நம் ஊரில் பெரும்பாலோர் திரும்பிப் போய்விடுகிறார்கள். "கத்தி பட்டா பரவிரும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முறையாக எடுக்கும் பயாப்ஸியால் நோய் பரவாது. பரவுவது போலத் தெரிவதற்குக் காரணம், பயாப்ஸிக்குப் பிறகு சிகிச்சைக்கே போகாமல் வீட்டில் இருந்துவிடுவது.

காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், மயக்கம் கொடுப்பதில்லை. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, கொடுத்த டாக்டரைக் கேட்க வேண்டும். பிரஷர், சுகர் பார்ப்பார்கள். பல் பிடுங்குவதற்குப் போடும் அதே மரப்பு ஊசி. புண்ணின் ஓரத்தில், கொஞ்சம் நல்ல சதையும் சேர்த்து, அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு துணுக்கு எடுப்பார்கள். நடுவில் எடுத்தால் செத்த சதைதான் வரும், ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு தையல், சில நிமிட வேலை. அன்று ஆறிய கஞ்சி, தயிர் சாதம். ஓரிரு நாள் காரம் வேண்டாம். எடுத்த சதை ஃபார்மலின் பாட்டிலில் போகிறதா, பாட்டிலில் உங்கள் பெயரும் எடுத்த இடமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சில இடங்களில் நீலச் சாயம் தடவிப் பார்ப்பார்கள், பிரஷ்ஷால் சுரண்டி எடுப்பார்கள். எந்த இடத்தில் சதை எடுப்பது என்று தீர்மானிக்க அவை உதவும். அதில் ஒன்றுமில்லை என்று வந்ததை வைத்துக்கொண்டு பயாப்ஸியைத் தவிர்க்கக் கூடாது. கழுத்துக் கட்டி இருந்தால் மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது தனிச் சோதனை.

படி 7: ரிப்போர்ட்டைப் படிப்பது

ஒரு வாரம் பத்து நாளில் வரும். நோயாளியிடம் மறைத்து மகனிடம் மட்டும் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நோயாளிக்குத் தெரிந்தால்தான் சிகிச்சைக்கு ஒத்துழைப்பார் என்பது என் கருத்து.

'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்றால் வாய்ப்புற்றுநோய். கூடவே வெல், மாடரேட்லி, பூர்லி டிஃபரன்ஷியேட்டட் என்று ஒன்று இருக்கும். செல்கள் எந்த அளவு உருமாறியிருக்கின்றன என்பதைச் சொல்வது அது. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அது சொல்லாது. 'டிஸ்பிளேசியா' என்றால் இன்னும் புற்றுநோய் இல்லை, செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. மைல்ட், மாடரேட், சிவியர் என்று தரம் பிரிப்பார்கள். சிவியர் என்றால் அந்த இடத்தையே வெட்டி எடுப்பது வழக்கம். 'ஹைப்பர்கெரட்டோசிஸ்' மட்டும் என்றால் மேல்தோல் தடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கண்ணுக்கும் கைக்கும் புற்றுநோயாகத் தெரிகிற புண்ணுக்கு ரிப்போர்ட் ஒன்றுமில்லை என்று வந்தால், மறுபடி பயாப்ஸி எடுக்கச் சொல்ல வேண்டும். துணுக்கு எடுத்த இடம் தவறியிருக்கலாம்.

படி 8: புற்றுநோய் என்று வந்தால்

கன்னம், ஈறு என்றால் பெரும்பாலும் சிடி ஸ்கேன், நாக்கு என்றால் எம்ஆர்ஐ. கட்டியின் அகலம் மட்டுமில்லை, ஆழமும் கணக்கு. 2 சென்டிமீட்டருக்குள் அகலமும் 5 மில்லிமீட்டருக்குள் ஆழமும் இருந்தால் அது கட்டி அளவில் முதல் நிலை. முதல் சிகிச்சை பெரும்பாலும் அறுவைதான், தேவைப்பட்டால் பிறகு கதிர்வீச்சும் மருந்தும்.

"வாயில்தானே கட்டி, கழுத்தை ஏன் கீறணும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். கழுத்தில் கட்டி தெரியாதவர்களுக்கும் முதல் அறுவையிலேயே கழுத்து நெறிகளை (நிணநீர்க் கணுக்களை) எடுத்துவிட்டால் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015-ல் காட்டியது. மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், உடனே எடுத்தவர்களில் 80 சதவீதம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம்.

கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டி, காப்பாற்ற முடியாத பற்களை எடுத்து, குழி ஆறிய பிறகே போக வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் எடுத்தால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும்.

எல்லையில் இருப்பவர்களுக்குக் காகித வேலை

நமக்கு ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், வேலை இன்னொன்றில். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. கேரளத்தில் காருண்யா திட்டம், அது அங்கே பதிவு உள்ளவர்களுக்கு. எந்த மருத்துவமனையில் உங்கள் அட்டை செல்லும் என்பதை, அறுவைத் தேதி வாங்குவதற்கு முன்னால் அங்கேயுள்ள காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். 104-ஐ அழைத்தும் விசாரிக்கலாம்.

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு எதைத் தாண்டினாலும் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பயாப்ஸி எடுத்த இடத்தில், சதையைச் சீவி ஒட்டிய கண்ணாடிச் சில்லையும் (ஸ்லைடு), சதையைப் பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். புதிய மருத்துவமனை அதை வைத்தே மறுபடி பார்த்துக்கொள்ளும், இன்னொரு முறை சதை எடுக்கத் தேவையிருக்காது. ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கும் வேண்டும்.

ஒன்றுமில்லை என்று வந்தாலும்

டிஸ்பிளேசியா இல்லாத வெள்ளைத் திட்டு என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள், இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. போகும்போது பழைய போட்டோக்களைக் கொண்டுபோங்கள். அகலமாகிறதா, நிறம் மாறுகிறதா, புண்ணாகிறதா என்பதற்கு அவைதான் சாட்சி. மாறினால் மறுபடி பயாப்ஸி. புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்கள் முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். வாய் முழுவதும் அதே வெற்றிலை, புகையிலைச் சாற்றில் ஊறியிருப்பதால், இன்னோர் இடத்தில் புதிதாகவும் வரலாம்.

பழக்கத்தை விட உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழையுங்கள். ஒரே வீட்டில், ஒரே ஜீப்பில் வெற்றிலைப் பையைப் பகிர்ந்துகொண்டவர்கள் வாயையும் அதே வாரம் பார்த்துவிடுங்கள்.